டர்பனின் கோவெண்டர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஒரு பெரியவருக்காகக் கேட்கிறேன்

பாலாற்றங்கரை:

என் மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு எழுபது வயது. குடும்பப் பெயர் கோவெண்டர். தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதை இன்னும் விடவில்லை. தாத்தா, ரசம், சாம்பிராணி, அவ்வா என்று உதிரியாகச் சில சொற்கள் அந்த வீட்டில் மிஞ்சியிருக்கின்றன. தன் பெயர் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொண்டு, கண்ணை மூடுவதற்குள் அந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இதுவரை இரண்டு பேர் அவருக்கு இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். 'கோ' என்றாலும் அரசன், 'வேந்தர்' என்றாலும் அரசர், ஆகவே நீங்கள் அரச வம்சம் என்றாராம் ஒருவர். கவுண்டர்தான் கோவெண்டர் ஆனது, கவுண்டர் என்றால் கோயம்புத்தூர், நேரே அங்கே போங்கள் என்றாராம் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதை நம்பி ஆடி மாதத்தில் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுக்கப் போகிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வேலூர்க்காரி. எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்றுதான் இருக்கிறது. நாங்கள் வன்னியர். கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு பங்காளிகூடக் கிடையாது. எழுபது வயதில் ஒருவர் அவ்வளவு தூரம் வந்து தவறான ஊரில் இறங்கிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குமண்:

சகோதரி, அவரைத் தாராளமாக வரச் சொல்லுங்கள். கோவெண்டர் எங்கள் பெயர்தான். கொங்கு வெள்ளாளர் குடும்பங்கள் எத்தனையோ பஞ்ச காலத்தில் சிதறிப் போயின. அவருடைய கூட்டம் (குலப் பிரிவு) எது, குலதெய்வம் எது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கூட்டம் தெரிந்தால் அதன் பூர்வீக ஊரான காணியூர் தெரியும், காணியூர் தெரிந்தால் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடலாம். இதைச் செய்து கொடுப்பதை நான் ஒரு கடமையாகவே நினைக்கிறேன்.

கல்வெட்டு நேசன்:

அவசரப்பட வேண்டாம். 'கவுண்டர்' என்ற சொல்லின் பயணத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

கன்னடக் கல்வெட்டுகளில் 'காவுண்ட', 'காமுண்ட' என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். ஊர்த்தலைவன் என்று பொருள். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் அதே சொல் 'காமிண்டன்' என்று நிற்கிறது. இன்றைய கர்நாடகத்தின் 'கௌடா'வும் நம்முடைய 'கவுண்டர்' என்ற பட்டமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஊரைப் பார்த்துக்கொண்டவனின் பதவிப் பெயர் வம்சத்தின் பட்டமாகி, பட்டம் சாதியின் அடையாளமாகி, கடல் தாண்டிய பிறகு குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது.

முதலில் பதவிப் பெயராக இருந்ததால்தான் அது ஒரு சாதியோடு நிற்கவில்லை. கொங்கு வெள்ளாளர், வேட்டுவர், ஊராளிகள், குரும்பர், ஒக்கிலியர், சேலம் தருமபுரி வட ஆற்காடு பகுதிகளின் வன்னியர் என்று பலரும் கவுண்டர் என்ற பட்டத்தைத் தாங்கியிருக்கிறார்கள். பட்டத்தை வைத்துச் சாதியையே அறுதியிட முடியாது. ஊரை எப்படி அறுதியிடுவது?

'கோவேந்தர்' என்ற அரச விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது ஆங்கில எழுத்தைத் திரும்பத் தமிழாக்கியதால் பிறந்த பொருள். கவுண்டர் என்பதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: க, வு, ண்டர். நடுவில் இருக்கும் அந்த 'வு'வைத் தனி அசையாகக் கேட்ட வெள்ளைக்கார எழுத்தர் அதற்கென்று ஓர் எழுத்தைப் போட்டார். நாம் 'கௌ' என்று ஒரே மூச்சில் விழுங்கிவிடும் ஒலியை டர்பன்காரர்கள் இன்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கொங்குமண்:

ஐயா, விளக்கம் சரி. ஆனால் 'கோவிந்தன்' என்ற தகப்பன் பெயரிலிருந்தும் கோவெண்டர் வந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் பட்டத்துக்கே இதில் வேலை இல்லையே.

கல்வெட்டு நேசன்:

நல்ல கேள்வி. தகப்பன் பெயர் குடும்பப் பெயரான வழக்கம் அங்கே உண்டு. கோவிந்தசாமி என்ற குடும்பப் பெயரே டர்பனில் தனியாக இருக்கிறது. கோவிந்தனின் பிள்ளைகள் கோவிந்தன், கோவிந்தசாமி என்றே பதிவாக வழி இருந்தபோது, எல்லாக் கோவெண்டர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது. கவுண்டர்தான் மூலம், அதை எழுதிய கைக்குக் கோவிந்தன் என்ற பழகிய பெயர் ஓரளவு வழிகாட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு எது உண்மை என்பதை அந்தக் குடும்பத்தின் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

சுவா வாசி:

பிஜியிலிருந்து எழுதுகிறேன். இங்கே அதே பட்டம் 'கவுண்டார்' என்று நின்றுவிட்டது, 'வெ' நுழையவில்லை. காரணம் எளிது. அங்கே எழுதியவர் வேறு, இங்கே எழுதியவர் வேறு. பிஜிக்கு 1879 முதலே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் வந்தாலும் சென்னையிலிருந்து ஆள் ஏற்றியது 1903-க்குப் பிறகுதான். 1916-ல் எல்லாம் நின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்தின் குடியேற்றச் சீட்டை ஆவணக் காப்பகத்தில் கையில் வாங்கியபோது நான் முதலில் தேடியது குடும்பப் பெயரை. அப்படி ஒரு கட்டமே அதில் இல்லை. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள அடையாளம், அவ்வளவுதான். நான் இன்று கையெழுத்தில் போடும் பெயர் அங்கே சாதிக் கட்டத்தில் கிடந்தது. பெரியவரிடம் கப்பல் எண் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள் அம்மா. டர்பன் அடங்கிய நெட்டாலில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் கிடைத்தால் பட்டியலில் அவருடைய வரியை எடுத்துவிடலாம்.

கிள்ளான் மகள்:

மலேசியாவில் இந்தத் தேடலுக்கே வழி குறைவு. இங்கே பெரும்பாலோர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு வந்தவர்கள். பிறகு அடையாள அட்டையில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தகப்பன் பெயரோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் மாறிவிடுவதால் நூல் பிடித்துப் பின்னால் போக முடிவதில்லை. எழுத்துப் பிழையோடாவது ஒரு பெயர் நான்கு தலைமுறை தாங்கியிருக்கிறது என்றால் அந்தக் குடும்பம் கொடுத்து வைத்தது.

நெட்டால் மண்:

நான் டர்பனில் பிறந்தவன். தமிழை மாலைப் பள்ளியில் கற்றுக்கொண்டேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதி. பெரும்பாலோர் போனது கரும்புத் தோட்டங்களுக்கு.

குடும்பப் பெயர் கப்பலில் வந்ததில்லை, இங்கே முளைத்தது. கப்பல் பட்டியலில் முனியன், முத்து என்று ஒற்றைப் பெயர்தான் இருக்கும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றிலும் எழுத்தர் 'குடும்பப் பெயர்?' என்று கேட்டபோது சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள், சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். முதலியார் மூட்லி ஆனதும் நாயுடு நாயுடூ ஆனதும் பிள்ளை பிள்ளே ஆனதும் இப்படித்தான். என் தாத்தா கோவெண்டர். அவருடைய உடன்பிறந்த தம்பி கவுண்டென். ஒரே தாய் தகப்பன், ஒரே கூரை. பதிந்த ஆண்டு வேறு, பதிந்த கை வேறு. இன்று அந்த இரண்டு கிளைகளின் பிள்ளைகள் சந்தித்தால் சொந்தம் என்று பெயரைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் எந்தப் பட்டமும் வைத்துக்கொள்ள விடப்படாதவர்கள் இங்கே வந்து ஒரு பட்டத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டதும் நடந்தது. என் தாய்வழிக் குடும்பம் அப்படிப்பட்டது. பாட்டி அதை மெல்லிய குரலில்தான் சொல்வார். நான் உரக்கவே சொல்கிறேன். ஊர் கொடுக்காத மதிப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் குற்றம் காண எவருக்கும் உரிமை இல்லை.

கொங்குமண்:

ஐயா, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். 'எங்கள் பெயர்தான்' என்று நான் தொடக்கத்தில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும் குலதெய்வம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள் சகோதரி. பெயர் திரியலாம், தெய்வத்தை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள்.

பாலாற்றங்கரை:

கேட்டேன். முதலில் அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "உங்கள் வீட்டில் மட்டும் கும்பிடும் சாமி எது?" என்று மகள் கேட்ட பிறகு பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். மாமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அதற்கு எதிரே வரிசையாக ஏழு கற்கள். முதல் கல்லுக்குப் பெயர் 'பச்சியம்மா'. எதிர் வரிசையில் ஒன்றை 'வாமுனி' என்கிறார், மற்றவற்றின் பெயர் மறந்துவிட்டது. 1960-களில் இன ஒதுக்கல் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் குடும்பத்தைப் பெயர்த்தபோது, அவருடைய அப்பா தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த எட்டுக் கற்களையும் சாக்கில் கட்டிச் சுமந்து வந்தாராம்.

பச்சையம்மன், வாழ்முனி! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் ஆடித் திங்களில் பொங்கல் வைக்கும் தெய்வம்.

கொங்குமண்:

பச்சையம்மனும் ஏழு முனிகளும் எங்கள் பக்கத்துக் குலதெய்வ மரபில் இல்லை. அண்ணன்மார், செல்லாண்டியம்மன், அங்காளம்மன் என்றால் நான் விடமாட்டேன். இவர் உங்கள் பக்கத்துக்காரர்தான். கோயம்புத்தூர் டிக்கெட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய தாசில்:

நானும் அந்தப் பக்கத்தவன்தான், வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். வாழைப்பந்தல், முனுகப்பட்டு என்று பச்சையம்மன் கோயில்கள் செறிந்த வட்டாரம் ஆரணியைச் சுற்றித்தான் இருக்கிறது. தெய்வம் திசையைக் காட்டிவிட்டது. ஊரைக் காட்ட எண் வேண்டும். எண்ணைத் தேடுங்கள் அம்மா.

பாலாற்றங்கரை:

எண் கிடைத்துவிட்டது. அப்பாவின் தகரப் பெட்டியில், ஒப்பந்தம் முடிந்ததற்கு இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகம் கொடுத்த சான்று, நான்காக மடித்துக் கிடந்திருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எண் தப்பியிருக்கிறது. அதை வைத்துக் கப்பல் பட்டியலின் வரியை எடுத்துவிட்டோம்.

அவருடைய கொள்ளுத்தாத்தா 1889-ல் சென்னையில் கப்பல் ஏறியவர். வயது 22. ஒற்றைப் பெயர், தகப்பன் பெயரும் ஒற்றை. சாதிக் கட்டத்தில் 'கவுண்டன்'. ஜில்லா வட ஆற்காடு. தாலுகாவைக் கணினியில் ஏற்றியவர்கள் 'போலார்' என்று படித்திருக்கிறார்கள். ஊர் 'பூதூர்'. கடைசிக் கட்டத்தில் 'வலது புருவத்துக்கு மேல் தழும்பு'. பெரியவர் அந்த வரியைப் படித்துவிட்டுத் தன் புருவத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

போலார் எது?

பழைய தாசில்:

போளூர். ஐயமே வேண்டாம். வட ஆற்காடு ஜில்லாவில் வேறெந்தத் தாலுகாவும் அந்த ஒலிக்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. 1889-ன் வட ஆற்காட்டை இன்றைய வரைபடத்தில் தேடிக் குழம்பிவிடாதீர்கள். அன்றைக்கு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மிச்சமிருந்த வட ஆற்காட்டை 1989-ல் மறுபடி இரண்டாக வெட்டியபோது போளூர் திருவண்ணாமலை பக்கம் போய்விட்டது. வேலூர் பக்கம் நின்றதை 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். ஆகவே யாருடைய பட்டியலிலாவது வட ஆற்காடு என்று இருந்தால் தாலுகாவைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. ஆந்திராவில்கூட இருக்கலாம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த வானம் பார்த்த தாலுகாக்களை உருக்குலைத்துவிட்டது. பஞ்சம் முடிந்தும் கடன் முடியவில்லை. 1889-ல் 22 வயது என்றால் பஞ்சத்தின்போது அவருக்கு ஒன்பது, பத்து வயது. பிழைத்த பிள்ளை அவர். நெட்டாலுக்கு அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆற்காடும் ஒன்று என்றால் அதற்கு இந்த நிலைமைதான் காரணம்.

'பூதூர்' என்பது புதூராக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். புதூர் என்றால் புதிதாக எழுந்த ஊர். ஏரி உடைந்தோ கொள்ளை நோய் வந்தோ தாய்க் கிராமத்தை விட்டு ஒரு பகுதி மக்கள் எழுந்து போய் உட்கார்ந்த இடத்துக்கெல்லாம் அதுதான் பெயர். ஒரு தாலுகாவில் பல புதூர்கள் இருக்கும். பெரும்பாலும் தாய்க் கிராமத்தின் பெயர் முன்னால் ஒட்டியிருக்கும், பட்டியலில் அதை விட்டுவிட்டார்கள். பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், அ பதிவேடு என்ற நில ஆவணங்களையெல்லாம் பார்த்தால் கவுண்டர் பட்டம் உள்ள பட்டாதாரர்கள் எந்தப் புதூரில் இருந்தார்கள் என்று தெரியும். நிலமே இல்லாதவராக இருந்தால் அதிலும் வரமாட்டார். நான் அங்கே தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறேன். இரண்டு வாரம் கொடுங்கள்.

நெட்டால் மண்:

1889 என்பது ஒரு வகையில் நல்ல காலம். 1895-ல் வந்த சட்டம், அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஐந்து ஆண்டு முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி என்றது. முதல் ஆண்டுக் கூலியில் பாதி! 1913 வேலைநிறுத்தம் வெடித்ததற்கு அந்த வரிதான் பெரிய காரணம், 1914-ல் அதை எடுத்தார்கள். பெரியவரின் கொள்ளுத்தாத்தா அதற்கு முன்பே வந்ததால் 1894-ல் ஒப்பந்தம் முடிந்து வரியில்லாமல் நிற்க முடிந்திருக்கிறது. அந்தப் பெயர் இந்த மண்ணில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்வெட்டு நேசன்:

இன்னொரு பக்கமும் பாருங்கள். பெரியவரின் குடும்பம் டர்பனில் கோவெண்டர் என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே எதிர்த்திசையில் காற்று வீசியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. ஊரில் தங்கிவிட்ட பங்காளிகள் பட்டத்தை வெட்டிவிட்டுத் தலைப்பெழுத்தோடு நின்றார்கள். கப்பல் ஏறியவர்களுக்கு வேறு பிடிமானம் இல்லை. அவர்கள் பட்டத்தையே பற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அவர் இங்கே வந்து கோவெண்டர்களைத் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பெண். தகப்பனார் முனுசாமி முதலியார். அந்தப் பட்டத்தை ஒட்டி அவரை நாம் அழைப்பதில்லை. அவர் பிறக்காத, அவருடைய தாயாரின் ஊரான தில்லையாடியைத்தான் முன்னால் வைக்கிறோம்.

பாலாற்றங்கரை:

ஐயா, இதை மகள் மூலம் அவருக்குச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் போளூர் என்று போட வேண்டுமா?" என்று கேட்டாராம். போடலாம் என்று சொன்னேன்.

பழைய தாசில்:

விசாரித்துவிட்டேன். இரண்டு புதூர்கள் பொருந்துகின்றன. இரண்டிலும் கவுண்டர் பட்டத்தோடு பழைய பட்டாக்கள் இருக்கின்றன, இரண்டு ஊர்க் குடும்பங்களும் பச்சையம்மனைக் கும்பிடுகின்றன. ஓர் ஊரில், 'எங்கள் பாட்டனின் அண்ணன் நெட்டாலுக்குப் போனார், திரும்பவில்லை' என்று ஒரு மூதாட்டி சொல்கிறார். நெட்டால் என்ற சொல்லை அவராகவே சொன்னார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. இரண்டு ஊருக்கும் வரட்டும்.

சுவா வாசி:

அம்மா, ஒன்று கேட்கலாமா? கொள்ளுப்பாட்டியின் வரியைப் பார்த்தீர்களா? முதல் இடுகையில் அந்த வீட்டில் 'அவ்வா' என்ற சொல் மிஞ்சியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது தெலுங்கில் பாட்டியைக் கூப்பிடும் சொல். தொடக்கத்திலிருந்தே அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பாலாற்றங்கரை:

நான் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பெயரைத் துரத்திக்கொண்டு ஓடியதில் அவளை ஒருவருமே தேடவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

மகள் நேற்றுத் தேடி எடுத்துவிட்டாள். அதே கப்பல், அவருடைய எண்ணுக்கு இரண்டு எண் தள்ளி. வயது 18. தனியாக வந்தவள். சாதிக் கட்டத்தில் வேறொரு பெயர், தகப்பன் பெயர் தெலுங்குப் பெயர். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா சந்திரகிரி. தாசில் ஐயா எச்சரித்தபடியே அது 1911-ல் சித்தூர் மாவட்டத்தோடு போய், இன்று ஆந்திராவில் இருக்கிறது. சென்னையில் ஒப்பந்தக் கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களிலோ கடலிலோ இருவரும் சேர்ந்திருக்க வேண்டும். டிப்போவில் திருமணம் செய்துகொண்டு கப்பல் ஏறியவர்கள் பலர் உண்டு என்று நெட்டால் மண் ஐயா தனி மடலில் சொன்னார். அவளுடைய ஊரின் பெயர் பட்டியலில் தெளிவாகவே இருக்கிறது, புதூர் போலக் குழப்பம் இல்லை.

பெரியவர் ஆடியில் வருகிறார், டிக்கெட் சென்னைக்கு. வேலூரில் எங்கள் வீட்டில் தங்குகிறார். போளூருக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்கிறார், கார் வேண்டாமாம். இரண்டு புதூர்களுக்கும் போய்விட்டு மூன்றாம் நாள் சந்திரகிரி. கொங்குமண் சகோதரர் தன் ஊரிலிருந்து புறப்பட்டு வந்து உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவளுடைய வரியின் கடைசிக் கட்டத்தையும் எழுதிவிடுகிறேன்: 'இடது முன்கையில் பச்சை குத்தியது, தேள் உருவம்.' இதை மகள் படித்துக் காட்டியபோது பெரியவர் சொன்னாராம், அவருடைய அத்தைகள் மூவருக்கும் அதே இடத்தில் தேள் இருந்தது, எதற்காக என்று யாருக்கும் தெரியாது, அவ்வாவுக்கு இருந்தது அதனால் எங்களுக்கும் என்று மட்டும் சொல்வார்களாம்.